எவ்வளவு கொடுப்பீர்கள்?

ஜெலுத்தோங், பினாங்கு
10 மார்ச் 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பெவர்லி எழுதுவது. இங்கே நானும் ஜெஃப்ரியும் சுகம். மலையில் மழை விட்டதா, உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது, அண்ணிக்குச் சர்க்கரை குறைந்ததா என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

போன ஞாயிறு ஃபோனில் நான் உரம் என்றேன், நீங்கள் "மரமா, எந்த மரம் விழுந்துச்சு?" என்று கத்தினீர்கள். காது மெஷின் வாங்குங்கள் என்றால் கேட்க மாட்டீர்கள். வாட்ஸ்அப்பில் எழுத்து அமுக்க உங்கள் விரலுக்கு வராது. அதனால் சிவநேசன் லாரிதான் இனி நமக்குத் தபால். வாரா வாரம் உங்கள் காய்கறியைப் பட்டர்வொர்த்தில் இறக்கிவிட்டு, பிறையில் எங்கள் கம்பெனிக் கிடங்குக்கு உரம் ஏற்ற வருகிறாரே, அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

அண்ணே, ஒரு உதவி. வெளிநாட்டில் சண்டை தொடங்கியதிலிருந்து கப்பல்கள் சரியாக வருவதில்லை. கிடங்கில் பாதி இடம் காலி. யாருக்கு எவ்வளவு உரம் தேவைப்படும் என்று தெரிந்துகொள்ள ஆபீசில் ஒரு ஃபாரம் கொடுத்திருக்கிறார்கள். நீல உரம் இப்போது மூட்டை நூற்று அறுபத்தைந்து வெள்ளி. அதுவே நூற்றெண்பது ஆனால் எத்தனை மூட்டை வாங்குவீர்கள், இருநூற்று இருபது ஆனால் எத்தனை, எந்த விலைக்கு மேல் போனால் வேண்டவே வேண்டாம் என்பீர்கள், இவ்வளவுதான் கேள்வி. கேமரன் மலைப் பக்கத்துக்கு என் பெயரைப் போட்டுவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு பத்துப் பேரைக் கேட்டு நிரப்பித் தர முடியுமா?

அண்ணிக்கு என் அன்பு. பதிலுக்குக் காத்திருக்கும்,
பெவர்லி

கம்போங் ராஜா, கேமரன் மலை
25 மார்ச் 2022

அன்பு பெவர்லிக்கு,

அண்ணன் இராயப்பன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி லீனாவும் நன்றாக இருக்கிறோம். முதுகு அப்படியேதான் இருக்கிறது, குனிந்தால் நிமிர மறுக்கிறது. மழை விட்டுவிட்டது.

பத்துப் பேரைக் கேட்கச் சொன்னாய், பதினாலு பேரைக் கேட்டேன். எல்லா ஃபாரமும் இதோடு இருக்கிறது. சிலவற்றில் மண் ஒட்டியிருக்கும், தட்டிவிட்டுக்கொள்.

காமாரியாவை உனக்குத் தெரியாது. என் நிலத்துக்கு அடுத்த அரை ஏக்கரில் வெங்காயத்தாளும் செலரியும் போடுகிறது. கணவர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது, தனியாகவே பாடுபடுகிறது. தேயிலைத் தோட்டத்தில் நம் ஆட்களோடு பிறந்து வளர்ந்ததால் தமிழ் நம்மைப் போலவே பேசும். அதுதான் முதலில் முறுக்கிக்கொண்டது.

"எதுக்குண்ணே இதெல்லாம் கேக்குறாங்க?"

"எவ்வளவு வரவழைக்கலாம்னு பார்க்கத்தான்."

"அப்போ நூத்தி எம்பதுன்னு எழுது. அதுக்கு மேல ஒரு காசு கிடையாது லா."

"அது நெசமா?"

குனிந்து பாத்தியில் ஒரு வெங்காயத்தாளைத் தடவிப் பார்த்தது. பிறகு சொன்னது: "தாள் வெளுக்க ஆரம்பிச்சிட்டா, இருநூத்தி அறுபது கேட்டாலும் கொடுத்துத்தான் ஆவணும். வேற என்ன செய்ய?"

"அதையே எழுதுறேன். குறைச்சு எழுதினா கம்பெனி குறைச்சுத்தான் அனுப்பும். கேக்குறது என் தங்கச்சி."

"உன் தங்கச்சின்னா சரி. எழுது."

மற்றவர்களும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நின்றார்கள். அர்ஜுனன் மட்டும் இருநூற்று நாற்பது என்றான். எனக்கு இருநூற்று எண்பது. முட்டைக்கோஸ் தலை கட்டும் நேரத்தில் உரம் இல்லையென்றால் மூன்று மாத உழைப்பும் மாட்டுக்குத்தான் போகும். இந்தப் பக்கத்துக் கடைகளெல்லாம் உங்கள் கம்பெனியிடம்தான் எடுக்கிறார்கள், வேறு எங்கே போவோம்?

அடுத்த லாரியில் எத்தனை மூட்டை வரும் என்று கேட்டு எழுது. ஜெஃப்ரி மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் அண்ணன்,
இராயப்பன்

ஜெலுத்தோங்
14 ஏப்ரல் 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரிய வியாழன் பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டேன்.

ஃபாரங்கள் கிடைத்தன. மிக்க நன்றி. மற்ற ஊர்களிலிருந்து வந்ததில் பாதி கண்துடைப்பாம். உங்களுடையது மட்டும்தான் உருப்படியாக இருந்தது என்று மேனேஜர் ராமதாஸ் எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டினார். எனக்குச் சம்பளமும் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள்.

மூட்டை எத்தனை வரும் என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் முடிவாகவில்லை. அண்ணே, முடிந்தால் இந்த மாதத்துக்குள்ளேயே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளுங்களேன். சும்மாதான் சொல்கிறேன்.

இங்கே வெயில் தாங்கவில்லை. ஈஸ்டர் வாழ்த்துகள்.

தங்கை,
பெவர்லி

கம்போங் ராஜா
11 மே 2022

அன்பு பெவர்லிக்கு,

நாங்கள் நலம். உன் சம்பளம் கூடியது கேட்டு அண்ணிக்கு ரொம்பச் சந்தோஷம். கோயிலில் உன் பெயருக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள்.

நீ சொன்னபடி வாங்கி வைக்கலாம் என்றுதான் கடைக்குப் போனேன். இருந்தது பத்து மூட்டை. நான் அள்ளிக்கொண்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று இரண்டோடு வந்துவிட்டேன்.

நேற்று லாரி வந்தது. நூறு மூட்டை எதிர்பார்த்தோம், நாற்பது வந்தது. விலை இருநூற்று ஐம்பத்தெட்டு. யாரும் ஒன்றும் பேசவில்லை. வரிசையில் நின்று ஆளுக்கு மூன்று வாங்கினோம். காமாரியாதான் சிரித்தது. "பார்த்தியாண்ணே, நான் இருநூத்தி அறுபதுன்னேன். ரெண்டு வெள்ளி மிச்சம் வச்சிட்டாங்க!" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சிவநேசன் ஒன்று சொன்னான். பிறைக் கிடங்கில் மூட்டைகள் கூரை வரை அடுக்கி இருக்கிறதாம். நீ பாதி காலி என்று எழுதியிருந்தாயே. அவன் சிமெண்டு மூட்டையைப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

அண்ணன்,
இராயப்பன்

கம்போங் ராஜா
20 ஜூன் 2022

அன்பு பெவர்லிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? ஜெஃப்ரிக்கு வேலையில் பிரச்சினையா? ஐந்து வாரமாகச் சிவநேசன் வெறும் கையோடுதான் வருகிறான்.

இங்கே எல்லாரும் பாதி உரம்தான் போடுகிறோம். முட்டைக்கோஸ் தலை என் கை முட்டி அளவில் நின்றுவிட்டது. லாரிக்காரர்கள் தரம் இரண்டு என்று ஒதுக்குகிறார்கள். காமாரியா செலரியை விட்டுவிட்டு வெங்காயத்தாளுக்கு மட்டும் போடுகிறது. இப்போதெல்லாம் அது சிரிப்பதில்லை. போன வாரம் என்னிடம் கேட்டது: "அண்ணே, அந்த ஃபாரத்தை யார் யார் பார்த்தாங்க?" ஆபீசில் பார்த்திருப்பார்கள் என்றேன். சரி என்று போய்விட்டது.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு வரலாம் என்று இருக்கிறேன். இரண்டு வருஷம் கொரோனாவால் போனது. நேரில் பார்த்துப் பேசலாம்.

உன் சுகத்துக்கு ஏங்கும்,
அண்ணன்

ஜெலுத்தோங்
4 ஜூலை 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

காய்ச்சலாக இருந்தது, இப்போது தேவலை. ஆபீசில் வேலையும் அதிகம்.

இந்த லாரியில் உங்களுக்கு நாலு மூட்டை நீல உரம் வருகிறது. பணம் கொடுக்க வேண்டாம், ஊழியர் பங்கு. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

திருவிழாவில் இந்த முறை கூட்டம் அதிகமாக இருக்கும், நோய் இன்னும் போகவில்லை. உங்கள் வயதுக்கு வராமல் இருப்பதே நல்லது.

பெவர்லி

கம்போங் ராஜா
17 ஜூலை 2022

அன்பு பெவர்லிக்கு,

காய்ச்சல் விட்டதற்கு ஆண்டவருக்கு நன்றி. கசாயம் குடி, மாத்திரையை மட்டும் நம்பாதே.

நாலு மூட்டையும் வந்தது. எல்லார் கண் முன்னாலும் என் வாசலில் இறக்கினான். பணம் கொடுக்காமல் எனக்கு மட்டும் எதற்கு உரம் என்று அண்ணி கேட்டாள். இரண்டைக் காமாரியாவிடமும் இரண்டை அர்ஜுனனிடமும் கொடுத்துவிட்டேன். காமாரியா வாங்கிக்கொண்டது, ஆனால் நன்றி சொல்லவில்லை. அது அப்படிப்பட்ட ஆள் இல்லை.

நான் காது கேட்காதவன் பெவர்லி. ஆனால் நாற்பத்தாறு வருஷமாக உன்னைத் தெரியும். நீ நீளமாக எழுதுகிறவள். நாலு வரி எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இருபத்தாறாம் தேதி திருவிழாவுக்கு நான் வருகிறேன். பழைய கோயில் படிக்கட்டுக்குக் கீழே பன்னிரண்டு மணிக்கு நிற்பேன்.

அண்ணன்,
இராயப்பன்

ஜெலுத்தோங்
30 ஜூலை 2022

என் அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் பத்திரமாக மலை ஏறிவிட்டீர்கள் என்று சிவநேசன் சொன்னார். அன்று வெயிலில் இரண்டு மணி வரை நின்றீர்கள். நீலச் சட்டை போட்டிருந்தீர்கள், இளைத்திருந்தீர்கள். மெழுகுவர்த்தி விற்கும் கூடாரத்துக்குப் பின்னால் நானும் இரண்டு மணி வரை நின்றேன். உங்கள் முன்னால் வர எனக்குத் தைரியம் இல்லை. மன்னித்துவிடுங்கள்.

நேரில் சொல்ல முடியாததை எழுதிவிடுகிறேன்.

ஃபாரத்தை உங்களுக்கு அனுப்பியபோது எவ்வளவு வரவழைப்பது என்று பார்க்கத்தான் என்று நானும் நம்பினேன். ஏப்ரல் முதல் வாரம் மீட்டிங் நடந்தது. ராமதாஸ் சார் பதினாலு ஃபாரத்தையும் பலகையில் புள்ளி புள்ளியாகப் போட்டார். இருநூற்று அறுபதுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, "இது வரைக்கும் தாங்குவாங்க" என்றார். அந்த வாரமே ஒரு கப்பல் வந்தது. கிடங்கு நிறைந்தது. சிவநேசன் பார்த்தது உரம்தான், சிமெண்டு இல்லை. வந்ததை ஒரேயடியாக விடாமல் நாற்பது நாற்பதாக விட்டார்கள். தட்டுப்பாடு முதலில் உண்மையாகத்தான் இருந்தது. பிறகு இருந்தது நாங்கள் செய்தது.

பெரிய வியாழன் அன்று உங்களுக்கு எழுதும்போது எனக்கு எல்லாம் தெரியும். சம்பளம் கூடியதை எழுதினேன், எதற்குக் கூடியது என்பதை எழுதவில்லை. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதி என் மனசை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஊழியர் பங்கு என்று ஒன்று கிடையாது. அந்த நாலு மூட்டையும் நான் காசு கொடுத்து வாங்கியது.

காமாரியா அக்காவிடம் என்ன சொல்வீர்களோ தெரியாது. எனக்காக எதையும் மறைக்க வேண்டாம்.

உங்கள் தங்கை,
பெவர்லி

கம்போங் ராஜா
22 ஆகஸ்டு 2022

பெவர்லிக்கு,

நாங்கள் நலம். உடனே பதில் எழுதக் கை வரவில்லை. மூன்று வாரம் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

உன் மேல் கோபம் இருந்தது. அதைவிட என் மேல்தான் அதிகம். நூற்றெண்பது என்று சொன்ன மனுஷியை உண்மையைச் சொல், உண்மையைச் சொல் என்று உந்தியது நான்தானே. ராமதாஸுக்கு அந்த உண்மை இல்லாமல் கோடு போட்டிருக்க முடியாது.

போன ஞாயிறு காமாரியாவின் காய்கறிக் கொட்டகையில் எல்லாரையும் வரச் சொன்னேன். இருபத்தேழு பேர் வந்தார்கள். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். படித்து முடித்ததும் அர்ஜுனன், "உன் தங்கச்சி சம்பளத்துக்கு நாங்க உரம் போட்டிருக்கோம்!" என்றான்.

காமாரியா அவனை நிறுத்தியது. "அந்தப் பொண்ணைத் திட்டுறதை அப்புறம் பார்த்துக்கலாம். அவங்களுக்கு நம்ம நம்பர் தெரியும். நமக்கு அவங்க நம்பர் தெரியாது. கிடங்கு நிறைய உரத்தை எத்தனை நாள் வச்சிருப்பாங்க? ஈரம் ஏறினா கல்லாயிடும் லா."

"நமக்கு மட்டும் செடி காத்திருக்குமா?" என்றான் அர்ஜுனன்.

"காத்திருக்காது. அதனால பாதி நிலத்துல நட வேணாம். மீதிக்குக் கோழி எரு."

அன்று சாயங்காலத்துக்குள் ஃபாரத்தை மறுபடி எழுதினோம். எல்லாரும் ஒரே விலை: நூற்றுத் தொண்ணூற்றைந்து. அதற்கு மேல் ஒரு மூட்டைகூட வேண்டாம். கையெழுத்துப் போட்டு இதோடு அனுப்பியிருக்கிறோம்.

இதை ராமதாஸ் மேசையில் வைப்பதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். உன் வேலை போகலாம். வைக்காவிட்டாலும் நீ என் தங்கைதான். அதை யோசித்து முடிவு செய்யாதே.

காமாரியா கூட்டத்தில் பேசியது அவ்வளவுதான். என்னோடு தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை.

அண்ணன்,
இராயப்பன்

ஜெலுத்தோங்
18 செப்டம்பர் 2022

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். ஜெஃப்ரியும் சுகம். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பேர் சம்பளத்தில் ஒன்று குறைந்தாலும் சாப்பிடுவோம் என்றார்.

ஃபாரங்களை ராமதாஸ் சார் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்ன பெவர்லி, எல்லாரும் ஒரே நம்பர் எழுதியிருக்காங்க? இதுல சர்வே எங்க இருக்கு?"

"இது சர்வே இல்ல சார். விலை."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "யார் சொன்னது அவங்களுக்கு?"

"நான்தான் சார். மீட்டிங்ல நடந்ததை எழுதிட்டேன்."

அவர் கத்தவில்லை. அண்ணே, அவர் கெட்ட மனிதர் என்று என்னால் எழுத முடியாது. நம் அப்பா சாவுக்குச் சாலை முழுக்க நடந்து வந்தவர். "நான் யாரையும் ஏமாத்தல. கொடுப்பேன்னு அவங்க சொன்னதைத்தானே கேட்டோம்?" என்றார். அதற்குப் பதில் சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு வந்தது. அவர்கள் கொடுப்பேன் என்று சொன்னது செடி சாகக் கூடாது என்பதற்காக. விலை பேசத்தான் வந்திருக்கிறோம் என்று நாங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் அப்படிச் சொல்லியிருப்பார்களா?

வேலை போகவில்லை. கூட்டிய சம்பளத்தைக் குறைத்து, பிறைக் கிடங்கில் மூட்டை எண்ணும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். தினமும் காலை ஃபெரியில் அக்கரைக்குப் போகிறேன். கிடங்குக்குள் அமோனியா நெடி கண்ணை எரிக்கிறது. "ரெண்டு வாரம் பாரு, அவங்களே ஓடி வருவாங்க" என்று ராமதாஸ் சார் சொல்லியிருக்கிறார். இப்போது நான்கு வாரம் ஆகிறது. சிவநேசன் லாரி காலியாகத்தான் மலை ஏறுகிறது. அதைப் பார்க்கும்போது பயமும் வருகிறது, சந்தோஷமும் வருகிறது.

டிசம்பரில் எனக்குப் பத்து நாள் விடுமுறை. நான் மலைக்கு வரலாமா? காமாரியா அக்கா என்னைப் பார்க்கச் சம்மதிப்பார்களா? கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் வர மாட்டேன்.

தங்கை,
பெவர்லி

கம்போங் ராஜா
23 அக்டோபர் 2022

அன்பு பெவர்லிக்கு,

அண்ணனும் அண்ணியும் நலம். உன் கண் எரிச்சலுக்கு அண்ணி பன்னீர் அனுப்பியிருக்கிறாள், பஞ்சில் நனைத்து வை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இருபத்தேழு பேரும் நிற்கவில்லை. அர்ஜுனனும் இன்னும் மூன்று பேரும் ஆறாவது வாரத்தில் பழைய விலைக்கே வாங்கிவிட்டார்கள். அர்ஜுனன் மகளுக்குக் கல்லூரி தொடங்குகிறது, அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனும் கொட்டகைப் பக்கம் வருவதில்லை. என் நிலத்தில் பாதி வெறுமனே கிடக்கிறது. கோழி எரு போட்ட மீதியில் வந்தது வழக்கத்தில் பாதி. காமாரியாவுக்கு அதைவிட மோசம், இரண்டு பாத்தித் தாளை அப்படியே உழுதுவிட்டது.

எட்டாவது வாரம் லாரி வந்தது. நூறு மூட்டை, விலை இருநூற்று எட்டு. வெளியூர்களிலும் விலை இறங்குகிறது என்று கடைக்காரர் சொல்கிறார். நாம் வாங்காததால் இறங்கியதா, தானாக இறங்கியதா, எனக்குத் தெரியாது. நாங்கள் எழுதிய நூற்றுத் தொண்ணூற்றைந்து வரவில்லை. ஆனால் அன்று யாரும் பேசாமல் வரிசையில் நிற்கவில்லை. காமாரியா லாரி மேல் ஏறி ஒரு மூட்டையைப் பிரித்து, கையை விட்டுக் கட்டி தட்டியிருக்கிறதா என்று பார்த்தது. "இருநூறுன்னா பத்து எடுக்குறேன், இல்லன்னா திருப்பிக் கொண்டு போ" என்றது. சிவநேசன் பிறைக்கு ஃபோன் போட்டான். அரை மணி நேரம் எல்லாரும் வெயிலில் நின்றோம். இருநூறுக்குக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் காமாரியா வேலி ஓரம் வந்து என்னைக் கூப்பிட்டது. இரண்டு மாதத்தில் முதல் தடவை. ஒரு மூட்டையைத் தூக்க ஆள் வேண்டுமாம். தூக்கிக் கொடுத்துவிட்டு, நீ டிசம்பரில் வர விரும்புவதைச் சொன்னேன். என் காது கேட்காது என்பதால் அது பக்கத்தில் வந்து நின்று பதில் சொன்னது. அது சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

"வரட்டும். டீ போட்டுத் தரேன், உக்காந்து குடிக்கட்டும். ஆனா எங்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது."

வா பெவர்லி. குளிரும், கம்பளிச் சட்டை எடுத்து வா.

உன் அண்ணன்,
இராயப்பன்